தயார்நிலையில் ஒரு தீவு

கடலுக்கு நடுவே வெள்ளித்திட்டு என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. வெளியூர்க் கம்பி எதுவும் அங்கே எட்டாது. குன்றின் மேல் சோலார் தகடுகள், அடிவாரத்தில் பேட்டரிகள் அடுக்கிய ஒரு கொட்டகை, அவ்வளவுதான் அந்த நாட்டின் மின்சாரம். வெயில் கொடுப்பதை வைத்துத்தான் குடும்பம் நடத்த வேண்டும்.

கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் தங்கபுஷ்பம். எதையும் கிளறிப் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் கணவன் ராசையாவுக்குச் சர்க்கரை நோய். அவன் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருந்தது. மருந்துக் கப்பல் வருவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பெட்டி நின்றால் மருந்து கெடும்; மருந்து கெட்டால் ராசையா பிழைக்க மாட்டான். இது ஊருக்கே தெரியும்.

அந்நாட்டு வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஆணை எதுவானாலும் தினமும் காலையில் அரண்மனை மைக்கில் வாசித்து, தெருவிலுள்ள ஒலிபெருக்கிக் குழாயில் கேட்க வேண்டும். கேட்காத நாளில் அது சட்டமில்லை. ராஜாவே எந்த நொடியில் வாய் திறப்பாரோ என்று அந்த மைக் எப்போதும் தயாராக இருந்தது. அவர் வாய் திறந்து பதினோரு வருடம் ஆயிற்று. அது வேறு கதை.

ஓர் ஆவணி மாதத்தில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. மின்துறை அமைச்சர் பேரின்பநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "மாட்சிமை பொருந்திய மன்னரின் ஆணைப்படி, குடிமக்களின் மின்விசிறிகள் இன்றுமுதல் ஓய்வெடுக்கும்." ஜனங்கள் வியர்த்து வழிந்தார்கள். பேட்டரி மேலும் இறங்கியது. கிணற்று மோட்டார் அரை மணி நேரம்தான் ஓடலாம் என்று அடுத்த ஆணை வந்தது. குடங்களோடு வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். பேட்டரி அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

அப்படியானால் கரண்ட் எங்கேதான் போகிறது? தங்கபுஷ்பத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மதியம் தெருக்களின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தாள். கடைசியில் ஆஸ்பத்திரி, அரண்மனை இரண்டின் கைப்பிடிகள் மட்டுமே மேலே நின்றன. ஆஸ்பத்திரி மூன்று ஆம்பியர்தான் எடுக்கும். மீட்டரோ நாற்பத்து நான்கு காட்டியது.

"இந்தக் கூத்தப் பாரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இறக்கியதையெல்லாம் மறுபடி ஏற்றிவிட்டு அரண்மனைக்கு நடந்தாள்.

அங்கே ஓர் ஈ காக்கை இல்லை. அதிகாரிகள் காலையில் ஒரு மணி நேரம் கடற்காற்றில் அமர்ந்து, கையொப்பமிட்டு, கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அறுபது மேசைகளிலும், அணைத்து வைத்த கம்ப்யூட்டர்களில் அறுபது சிவப்புப் பொட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. போன் இல்லாத சார்ஜர்கள் சூடாக இருந்தன. மூலையில் இன்வெர்ட்டர் யாருக்கென்றே தெரியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றிபோலக் கொதித்தது.

மறுநாள் காலையில் அமைச்சரிடம் போனாள். "ஐயா, வேல செய்யறதுக்குப் போறதவிட சும்மா இருக்கறதுக்குத்தான் கரண்ட் அதிகமாப் போகுது."

"சும்மான்னு சொல்லாதம்மா. அதுக்குப் பேரு தயார்நிலை. நாட்டோட மானம்."

"எதுக்குத் தயாருங்கய்யா?"

அமைச்சர் அதிகாரிகளைப் பார்த்தார். அதிகாரிகள் அமைச்சரைப் பார்த்தார்கள். "அதத் தீர்மானிக்க ஒரு குழு இருக்கு. குழுவும் தயார்நிலையிலதான் இருக்கு."

கேள்வி கேட்டதற்குப் பலன் அடுத்த நாளே கிடைத்தது. ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டி நாளைமுதல் நிறுத்தப்படும் என்றும், அதைக் கொட்டகைப் பொறுப்பாளரே நிறுத்த வேண்டும் என்றும் தெருவெல்லாம் குழாய் முழங்கியது.

விடிந்ததும், ஆணையை வாசிக்கும் நேரத்துக்கு முன்பே, தங்கபுஷ்பம் ஆஸ்பத்திரி, அரண்மனைக் கைப்பிடிகளுக்கு முன்னால் நின்றாள். பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. என் புருஷன் சாகணும், இவங்க பொட்டு எரியணுமா? அரண்மனையின் கைப்பிடியைப் பிடித்து இறக்கிவிட்டாள். பிறகு மாற்றுப் புடவை ஒன்றை மூட்டை கட்டிக்கொண்டு, தன்னைப் பிடித்துப்போகச் சேவகர்கள் வருவார்கள் என்று வாசலில் உட்கார்ந்தாள்.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழாயில் சத்தம் இல்லாததால் ஆணையும் இல்லை என்று ஜனங்கள் விசிறியைப் போட்டுக்கொண்டார்கள். மோட்டார் ஓடியது, குளிர்பெட்டியும் ஓடியது. அப்படியும் ஒன்பதே நாளில் பேட்டரி நிறைந்துவிட்டது. ராசையா வேளை தவறாமல் ஊசி போட்டுக்கொண்டான்.

பத்தாம் நாள் பரிவாரத்தோடு அமைச்சரே கொட்டகைக்கு வந்துவிட்டார். தங்கபுஷ்பம் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பேட்டரி நிறைஞ்சிருச்சாமே? எல்லாம் நம்ம ஆணைகளோட மகிமை. இந்த ஒம்பது நாள்ல இன்னும் பதினெட்டு ஆணை வாசிச்சேன் தெரியுமா? ஜனங்க ஒரு முணுமுணுப்பு இல்லாம ஏத்துக்கிட்டாங்க."

"ஆமாங்கய்யா. ஒருத்தர் வாயத் தொறக்கல."

பூரித்துப்போன அமைச்சர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். வரிசையில் ஒரே ஒரு கைப்பிடி மட்டும் கீழே கிடந்தது. அதன் மேல் 'அரண்மனை' என்று எழுதியிருந்தது.

"இது ஏம்மா இப்படி இருக்கு?"

தங்கபுஷ்பம் மூட்டையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்று, மிகுந்த பணிவோடு சொன்னாள்.

"அது தயார்நிலையில இருக்குங்கய்யா."

அமைச்சர் நெகிழ்ந்துபோனார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அந்தக் கைப்பிடிக்குப் போட்டார். அதை இனி எவரும் தொடக்கூடாது என்று பத்தொன்பதாவது ஆணையாக எழுதச் சொல்லி, மறுநாள் காலையில் மைக்கில் வாசித்தார். அதிகாரிகள் அறுபது பேரும் கைதட்டினார்கள்.