மன்னர் முகம் வரையாத கண்ணாடி

குன்றுகள் ஏராளமாகவும் சாலைகள் பெயருக்கும் இருந்த நாடு வெளிச்சநாடு. அங்கே சேதிகள் கண்ணாடி வழியே போயின. ஒரு குன்றில் வெயிலை வெட்டி வெட்டிக் காட்டினால், அடுத்த குன்றில் படித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் இரண்டே நிறுவனங்கள். ஒன்று அமைச்சர் பேரொளியாரின் மைத்துனருடையது, மற்றொன்று அலர்மேகலையுடையது.

வளர்ச்சி போதவில்லை என்று வருந்திய அமைச்சர், கண்ணாடிதோறும் மன்னரின் திருமுகத்தை வரையச் சொன்னார். மைத்துனர் அன்றே மீசையோடு வரைந்துவிட்டார். மீசை மறைத்த வெளிச்சத்தில் “மாமனார் வருகிறார்” என்ற சேதி “மாமனார் போய்விட்டார்” என்று போய்ச் சேர, ஓர் ஊரே ஒப்பாரி வைத்தது. மாமனார் நேரில் வந்து அழுகையை நிறுத்த வேண்டியதாயிற்று.

அடுத்து, ஒவ்வொரு சேதிக்கும் முன்னால் மன்னர் புகழ் பாட ஆணை வந்தது. புகழ் முடிவதற்குள் பொழுது சாய்ந்தது. மைத்துனருக்கோ வானளாவிய கோபுரம் பரிசாகக் கிடைத்தது. அலர்மேகலையின் ஆட்கள் அதை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கும் ஆசை எட்டிப் பார்க்காமல் இல்லை. ஆனாலும் முகமும் வரையாமல், புகழும் பாடாமல், கண்ணாடியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அமைச்சர் அவளை வரவழைத்தார். “அம்மணி, உமது தொலைநோக்குத் திட்டம் யாது?”

“இன்னைக்கு வந்த சேதி இன்னைக்கே போய்ச் சேரணுங்க. அதுக்கு மேல யோசிக்கலைங்க.”

அறுவடைக்குள் திருந்தாவிட்டால் குன்று பறிக்கப்படும் என்று எச்சரித்து அனுப்பினார்.

அறுவடைக்கு முன்பே பெரிய ஏரியின் கரை விரிசல் விட்டது. கோபுரம் மன்னரின் வீரத்தைப் பாடிக்கொண்டிருந்தபோதே, அலர்மேகலையின் கண்ணாடி “மேட்டுக்குப் போங்கள்” என்று மின்னிவிட்டது. ஆடு மாடுகளோடு அத்தனை பேரும் தப்பினார்கள். குன்றின் மேல் ஏறி வந்த கூட்டத்தைக் கண்டு அவளுக்குக் கண் கலங்கியது.

மன்னர் சபை கூட்டி, வெற்றியின் ரகசியத்தைக் கேட்டார்.

“பெருசா ஒண்ணும் பண்ணலைங்க. பண்ணக்கூடாததைப் பண்ணலை, அவ்வளவுதான்.”

மன்னர் மெய்சிலிர்த்தார். “தவறின்மையே இனி நமது கொள்கை!” குறைவாகத் தவறு செய்த துறைகளுக்கு விருது என்று அறிவித்தார். முதல் விருது ஏரிப் பராமரிப்புத் துறைக்கு. பல்லாண்டுகளாக அது எந்த வேலையும் செய்யவில்லை. ஆகவே ஒரு தவறும் செய்யவில்லை.

பிற துறைகளும் போட்டியில் குதித்தன. ஆணை போட்டால் தவறு நேரலாம் என்று யாரும் ஆணையே போடவில்லை. குடிமக்கள் தாங்களே கரையைக் கட்டினார்கள், விதைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள். நாடு செழித்தது. விருது விழாக்கள் ஓய்ந்தால் ஆணைகள் திரும்பி வந்துவிடுமே என்று, விழாக்களின் பூமாலைச் செலவு முழுவதையும் அலர்மேகலையே மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டாள்.