டேப்லெட்டுக்குக் கன்னம் வைத்தவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தன் மனைவியின் டேப்லெட்டுக்குக் கன்னம் வைத்துவிடுவது என்று ஓட்டையார் தீர்மானித்தார். திருட்டுத்தனமாக அல்ல. மனைவியிடம் முன்கூட்டியே சொல்லி, அவளே எடுத்துக் கையில் கொடுக்க, பட்டப்பகலில், எதிர்வீட்டுக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு. இவ்வளவு மரியாதையாகக் கன்னம் வைத்த மனிதர் அதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டார்.

ஓட்டையார் என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை, அலுவலகம் வைத்தது. அடுத்தவர்கள் எழுதிய செயலிகளில் எங்கே ஓட்டை இருக்கிறது, எந்த வழியாகத் திருடன் நுழைவான் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. கண்டுபிடித்து அறிக்கை எழுதுவார். செயலியை எழுதியவர்கள் ஓட்டையை அடைத்துவிட்டு அவரை மனசுக்குள் திட்டுவார்கள். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. அந்தப் பெயர் மெல்ல அலுவலக வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் வந்தது. வீட்டில் சமையலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

சண்டை பின்னறையால் வந்தது. பழைய கட்டிலையும் உடைந்த அலமாரியையும் ஒருவழியாக வெளியேற்றியபின், அந்த அறை திடீரென்று ஓர் அறையாகத் தெரிய ஆரம்பித்தது. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒழுங்காகச் சாத்தக்கூடிய ஒரு கதவு. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அதன்மேல் கண் விழுந்தது.

"வீட்ல உக்காந்து டெஸ்ட் பண்ண எனக்கு ஒரு இடம் வேணும்மா. சாப்பாட்டு மேஜையில எத்தனை நாள் பண்றது?" என்றார் ஓட்டையார்.

"அதையேதான் நானும் கேக்கறேன். நாம அந்த மேஜையில சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?"

அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். நூலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்து என்று எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துக் காகிதத்தை முழுசாகப் படிப்பவள் அவள். அதை உருட்டிக் காது குடைபவர் இவர்.

பின்னறை அவளுக்கு எதற்கு என்று கேட்டார். சும்மா உட்கார்ந்து படிப்பதற்கு என்றாள். படிப்பதற்கு ஓர் அறையா, நாற்காலி போதாதா என்றார்.

"நாள் பூரா லைப்ரரில பேசாதீங்க, பேசாதீங்கன்னு மத்தவங்களுக்காகச் சொல்றேன். வீட்டுக்கு வந்தா எனக்காக அதைச் சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. அட்லீஸ்ட் ஒரு கதவாவது இருக்கட்டுமே."

வீட்டில் மடக்கப்பட்டால் ஓட்டையார் தொழிலுக்குள் புகுந்துகொள்வார். அன்றும் புகுந்தார். டேப்லெட்டைக் காசு கொடுத்து வாங்கினாலும் நாமெல்லாம் அதில் குடக்கூலிக்காரர்கள்தான் என்று ஆரம்பித்தார். கூடத்தில் உட்காரலாம், விளக்கைப் போடலாம், உள்கட்டுக்குள் போகமுடியாது. சாவி அதைச் செய்த கம்பெனியிடமே இருக்கிறது. அந்தச் சாவியைப் பிடுங்கி நாமே வீட்டுக்காரர் ஆவதற்குப் பெயர்தான் ரூட் செய்வது. ரூட் செய்த டேப்லெட் ஒன்று வீட்டில் இருந்தால் எந்தச் செயலி எதை ஒளித்து வைத்திருக்கிறது, யாருக்கு என்ன அனுப்புகிறது என்று எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அதற்குத்தான் அறை.

"எல்லாத்தையுமா?" என்றாள் அவள். "என்னோட நாட்குறிப்பு ஆப்புக்குத் தனியா பூட்டு போட்டிருக்கேனே. அதையுமா?"

"அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

அவள் சற்று யோசிப்பதுபோல இருந்தது. பிறகு கணக்காகப் பேசினாள். "சரி. இப்பவே ஒரு வரி எழுதி அதுல பூட்டிடறேன். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள அந்த வரியை நீங்க சொல்லிட்டா பின்னறை உங்களுக்கு. இல்லன்னா எனக்கு. அப்புறம் அதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

அன்று வெள்ளிக்கிழமை. அவள் எழுதினாள், பூட்டினாள். அதே வரியை ஒரு காகிதத்திலும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, எதிர்வீட்டுச் சுருக்கெழுத்தாளரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாட்சியம் இல்லாமல் வாழ்க்கை சப்பென்று போய்க்கொண்டிருந்தவர். உறையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாராம்.

சனிக்கிழமை முழுவதும் ஓட்டையார் டேப்லெட்டைத் தொடவே இல்லை. பின்னறைச் சுவரை நாடா வைத்து அளந்தார். எங்கே அலமாரி, எங்கே விளக்கு என்று சுவரில் பென்சிலால் குறித்தார். தன் நாற்காலியையும், டேப்லெட்டின் சார்ஜரையும் கொண்டுபோய் அங்கே வைத்தார். வெற்றி விழா முடிந்து போருக்குப் புறப்பட வேண்டியதுதான் பாக்கி.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஓட்டையார் தன் கையால் ஒரு டேப்லெட்டையும் ரூட் செய்ததில்லை. அலுவலகத்தில் மூலை மேஜையில் ஒருவர் இருந்தார். அதைச் செய்வது அவர் வேலை. ஓட்டையார் கைக்கு வரும்போதே எல்லாம் தயாராக இருக்கும். பதினாறு வருஷமாகத் தோலுரித்த பழத்தையே பார்த்தவருக்குத் தோல் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. மூலை மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் மறுநாளே அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஆசை வந்த புதன்கிழமையே, பந்தயம் வருவதற்கு முன்பே, வீட்டில் இருந்த ஒரே டேப்லெட்டுக்கான செய்முறையைத் தேடி எடுத்துப் பன்னிரண்டு பக்கம் அச்செடுத்து வைத்திருந்தார். அது சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. அவருடைய மற்ற எல்லாமும் அங்கேதான் கிடந்தது.

ஞாயிறு மதியம் தேநீரோடு உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். முன்னுரை மாதிரி இருந்தது. இரண்டாம் பக்கம் கட்டம் போட்டு ஏதோ பொதுவான அறிவுரை மாதிரித் தெரிந்தது. அதைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு மூன்றாம் பக்கத்துக்குப் போனார்.

மூன்றாம் பக்கத்தில் வேலை ஆரம்பமானது. அமைப்புகளுக்குள் ஒரு நீளமான எண் இருக்கும். அதை ஏழு முறை தட்ட வேண்டும். தட்டினார். 'நீங்கள் இப்போது ஒரு டெவலப்பர்' என்றது டேப்லெட். எதிரே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மனைவிக்கு அதைத் திருப்பிக் காட்டினார்.

"ஏழு தட்டுத் தட்டினாலே ஆயிடலாமா?" என்றாள் அவள். "பதினாறு வருஷமா எதுக்கு ஆபீஸ் போனீங்க?"

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒயரை மாட்டினார். மடிக்கணினியில் ஆணையை அடித்தார். டேப்லெட் ஒரு முறை அணைந்து, கறுப்புத் திரையில் பொடியெழுத்தாகப் பத்து வரி காட்டிவிட்டு, சம்மதமா என்று கேட்டு நின்றது.

"அதுல என்னமோ நிறைய எழுதியிருக்கே. படிச்சீங்களா?"

"இதெல்லாம் பொதுஜனத்தைப் பயமுறுத்தறதுக்கும்மா. எங்களுக்கு இல்ல."

அவள் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பினாள். ஓட்டையார் பொத்தானை அழுத்திச் சம்மதத்தைத் தேர்ந்தெடுத்தார். இன்னொரு பொத்தானை அழுத்தி உறுதிசெய்தார். திரை அணைந்தது. வெகுநேரம் ஏதோ சுற்றியது. அவள் எழுந்து துணி காயப்போட மாடிக்குப் போன பிறகுதான் வெளிச்சம் வந்தது.

'வணக்கம். உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும்.'

ஐந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்த டேப்லெட் அவரை முன்பின் பார்த்திராத விருந்தாளி மாதிரி வரவேற்றது. மொழியைச் சொன்னார். பெயரைக் கேட்டது. அதையும் சொன்னார். உள்ளே போனால் நாட்குறிப்பு இல்லை. படங்கள் இல்லை. காலமான மாமனார், அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் இருந்த இடம் துடைத்துவிட்ட பலகையாக இருந்தது.

ஓட்டையார் கோப்பையைத் தூக்கினார். இரண்டாம் பக்கத்தில் தேநீர் வட்டமாகக் கறை போட்டிருந்தது. வட்டத்துக்கு நடுவில் கட்டம். கட்டத்துக்குள் ஒரு வரி: 'இந்தப் படியில் டேப்லெட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும்.' அதன் அடியில் சிவப்புக் கோடு வேறு. எழுதியவன் நல்லவன், கோடு போட்டே கொடுத்திருக்கிறான், நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை என்று நொந்துகொண்டார். வீட்டு அச்சுப்பொறியில் கறுப்பைத் தவிர வேறு மை இருந்ததே இல்லை என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

டேப்லெட் இப்போது முழுக்க அவருடைய ஆட்சியில் இருந்தது. நினைத்த இடத்துக்குப் போகலாம், எதையும் திறக்கலாம். திறப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஓட்டையார் தொழில்காரர். இயந்திரத்தில் வழி இல்லையென்றால் மனிதரிடம் வழி இருக்கும் என்பது அவர் ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதும் வாசகம். உறை யாரிடம் இருக்கிறது? சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். சுருக்கெழுத்தாளர் கதவைத் திறந்துவிட்டு முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார், அந்தக் கவர் சரியா ஒட்டியிருக்கான்னு ஒரு தடவை பாத்துரலாமா? ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"ஒட்டியிருக்கு தம்பி."

"வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எழுத்து தெரியக்கூடாது பாருங்க."

"தெரியாது. உள்ள அட்டை வச்சிருக்காங்க உங்க வீட்டம்மா."

"நீங்க ஒருவேளை அதை..."

"முப்பத்தஞ்சு வருஷம் மத்தவங்க ரகசியத்தை எழுதியிருக்கேன். ஒண்ணையும் படிச்சதில்ல." பெரியவர் கதவில் கையை வைத்துக்கொண்டு தயங்கினார். "நீங்க நாலு மணிக்கு வருவீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. மூணே முக்காலுக்கே வந்துட்டீங்களே, அங்க நிலைமை அவ்வளவு மோசமா?"

ஓட்டையார் திரும்பி வந்து பின்னறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சுவரில் பென்சில் குறிகள் தெரிந்தன. சொல்லிவிட்டால் குறிகளை அழிக்க வேண்டும். மாமனாரின் குரலுக்கு என்ன பதில் சொல்வது என்பதை ஆறு மணிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போது ஒரே ஒரு வழிதான் பாக்கி. அந்த வரியை ஊகித்துவிடுவது.

அவள் என்ன எழுதியிருப்பாள்?

முன்பின் தெரியாத செயலிக்காரன் எந்த எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பான் என்று மூன்று முயற்சியில் சொல்லக்கூடியவர் அவர். மனைவி என்ன எழுதியிருப்பாள் என்பதற்கு முதல் முயற்சிகூட வரவில்லை. குழாயைப் பற்றி எழுதியிருப்பாளா? அதை வாயாலேயே தினமும் சொல்கிறாள், பூட்டி வைக்க என்ன இருக்கிறது? தன்னைப் பற்றி நல்லதாக எழுதியிருப்பாளோ என்று யோசித்து, காரணம் ஒன்றும் கிடைக்காமல் அதை விட்டார். அவள் சாப்பிடும்போது எந்தப் பக்கம் உட்காருவாள், எந்தப் புத்தகத்தை இரண்டு தரம் படித்தாள், சனிக்கிழமைகளில் ஏன் பேச்சு குறைந்துபோகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பாதிக்குத் தெரியவில்லை. இரண்டு மணிநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, காற்றில் பின்னறைக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியிலிருந்து வந்த சத்தமெல்லாம் அடங்கியது. அடடா, இதுதான் என்று அவருக்குப் பளிச்சென்று பட்டது.

ஆறு மணிக்குச் சுருக்கெழுத்தாளர் உறையோடும் நோட்டுப் புத்தகத்தோடும் வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்கார இடம் ஒதுக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஓட்டையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பூட்டை எப்படி எப்படியெல்லாம் உடைத்தார் என்று ஒரு பாட்டம் சொன்னார். பிறகு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கதவைச் சாத்திக்கொண்டு அமைதியாக உட்கார எனக்கென்று ஓர் அறை வேண்டும்."

பெரியவர் அதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"நிஜமாவே அப்படியா எழுதியிருந்துச்சு?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

சுருக்கெழுத்தாளர் உறையைக் கிழித்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நீதிமன்றத்தில் படிக்கிற குரலில் படித்தார்:

"'இந்த வரியையும் சேர்த்து எல்லாத்தையும் அழிச்சிட்டு, என் மனசுல என்ன இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் முதல் தடவையா உக்காந்து யோசிப்பார்.'"

சமையலறையில் குழாய் சொட்டியது. ஓட்டையார் எவ்வளவோ சமாளித்துப் பார்த்தவர்தான். அன்று வாயைத் திறந்தால் வேறொன்றுதான் வந்தது.

"உங்கப்பா குரல் எல்லாம் போயிடுச்சும்மா."

அவள் தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, உள்ளேயிருந்து விரல்நுனி அளவு ஒரு பென் டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "புதன்கிழமையே லைப்ரரில வச்சுக் காப்பி எடுத்துட்டேன். படமும் இருக்கு. பன்னெண்டு பக்கத்தையும் மேஜையில போட்டுட்டுப் போனீங்களே, படிக்காம எப்படி இருக்கறது? நீங்க விட்டுடுவீங்கன்னு சிவப்புப் பேனாவால கோடுகூடப் போட்டு வச்சேன். அதுமேல கோப்பையை வச்சீங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை பந்தயம் கட்டினப்பவே உனக்குத் தெரியும்."

"புதன்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்களா படிக்கறீங்களான்னு பாத்தேன்."

அவருக்கு இன்னும் ஒரு நூலிழை பாக்கி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். "வரி தப்பா இருக்கலாம். ஆனா நான் சொன்னது உன் மனசுல இருக்கறதுதானே? அது உண்மைதானே?"

"நூத்துக்கு நூறு உண்மை," என்றாள் அவள். "இத்தனை வருஷத்துல நீங்க கண்டுபிடிச்சதுலயே இதுதான் நல்ல கண்டுபிடிப்பு. அதனாலதான் அறை எனக்கு."

"எழுத்துல இருக்கு தம்பி," என்று பெரியவர் நோட்டுப் புத்தகத்தைத் தட்டினார். "நீங்களே உங்க வாயால கேட்டுக் குடுத்துட்டீங்க."

ரூட் செய்த டேப்லெட் சாப்பாட்டு மேஜையிலேயே குடியேறியது. இரண்டு நாளில் அதில் சார்ஜ் தீர்ந்தது. சார்ஜர் பின்னறையில் இருப்பது ஓட்டையாருக்கு நினைவு வந்தது. எழுந்து போனார். சாத்திய கதவில், நூலகத்துக் கையெழுத்தில், ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்த முறை அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒன்றுக்கு இரண்டு தரமாகப் படித்தார்.

'இந்தக் கதவைத் திறந்தால் உள்ளே உள்ள அமைதி அனைத்தும் அழிந்துவிடும். திரும்பப் பெற முடியாது. சம்மதமா?'

கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் இருந்தது; 'இல்லை' என்பதில் அவருக்குச் சிரமம் வைக்காமல் அவளே சிவப்புப் பேனாவால் குறி போட்டிருந்தாள்.