கண்ணாடிக்குள் ஒரு குடும்பம்

அப்பாவின் தலை கழன்று விழுந்து, உருண்டு, நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

டிசைனர் தொப்பியைத்தான் தொட்டார். சத்தியமாகத் தொப்பியை மட்டும்தான். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று கை துறுதுறுத்தது. நன்றாக இருப்பதை இன்னும் கொஞ்சம் நன்றாக்கிப் பார்ப்பது டிசைனர்களுக்கென்றே வந்த வியாதி. அதற்கு இதுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அந்த மரச்சாமான் கடையில் அவருக்கு அன்றுதான் முதல் நாள். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலுக்குள் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியை அமைக்க வேண்டும். இரண்டு நாற்காலி, ஒரு குட்டி மேஜை, நான்கு செடித்தொட்டி, ஒரு கம்பித் தடுப்பு. நாற்காலிகளில் முதலாளி வெளிநாட்டிலிருந்து தருவித்த இரண்டு பொம்மைகள். அப்பா பொம்மை கையில் பேப்பர், அம்மா பொம்மை கையில் கோப்பை. வெயில் காய்கிறார்களாம். அதனால் இருவருக்கும் அகலத் தொப்பி, முகத்தில் பாதியை மூடும் கறுப்புக் கண்ணாடி. நிறம், முடி, நகம் எல்லாம் அசல் மனிதர்களுடையது போலவே இருக்கும்.

காலையில் மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“மேஜை, தொட்டி, விளக்கு, எதை வேணும்னாலும் நகர்த்திக்கோ. பொம்மைங்க மேல மட்டும் கை வைக்காதே. அதுங்க ரெண்டும் முதலாளிக்குப் பெத்த பிள்ளைங்க மாதிரி. உனக்கு முன்னாடி இருந்தவன் ஒரு விரலை உடைச்சான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாரு.”

“விரலையா சார்?”

“அவனை!”

விரலுக்கே வேலை போனால் தலைக்கு என்னென்ன போகும் என்று டிசைனர் யோசித்தார். இது அவருக்கு ஒரே வருஷத்தில் மூன்றாவது வேலை. கிளம்பும்போதே மனைவி வாசலில் நின்று வழியனுப்பிய அழகு அப்படி.

“இதையும் விட்டுட்டு வந்து நின்னீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் நீங்களும் உங்க கலையும் சேர்ந்து சமைச்சுச் சாப்பிடுங்க.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்திருக்கிறாள்.

நல்லவேளை, ஜன்னலின் முன்திரை இன்னும் விலகவில்லை. டிசைனர் குப்புறப் படுத்துத் தலையை எடுத்தார். கழுத்தில் வைத்துத் திருகினார். மரை உடைந்திருந்தது. பலமாக அழுத்தித் திருப்பியதில் தலை ஒருவழியாக நின்றது. ஆனால் முகம் முதுகுப் பக்கம் இருந்தது. முன்பக்கம் திருப்பினால் விழுந்தது. பின்பக்கம் திருப்பினால் நின்றது. பின்னாலிருந்து பேப்பர் படிக்கும் அப்பாவை எந்தக் குடும்பமும் ஏற்றுக்கொள்ளாது.

பையிலிருந்த பசையை எடுத்து ஊற்றினார். அது சொன்ன சொல் தவறாத பசை. ஒட்டியது. கழுத்தில் அல்ல, அவருடைய கட்டைவிரல் அப்பாவின் மூக்கோடு ஒட்டிக்கொண்டது. பதறிப்போய்க் கையை வெடுக்கென்று இழுத்தார். விரல் வந்தது. கூடவே மூக்கும் வந்தது.

“முதலாளி கார் வந்தாச்சு!” திரைக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் குரல். “பில்டர் சாரும் கூட வர்றாரு. மொத்தக் குடியிருப்புக்கும் பால்கனி சாமான் வாங்கப் போறாரு. இந்த ஜன்னலைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாராம். ரெடியா?”

“ரெ... ரெடி சார்!”

வாய் சொல்லிவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பயம் வந்தால் புத்தி வேகமாக ஓடும். எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் சங்கடம். டிசைனர் அப்பாவின் சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் உருவினார். மிச்ச அப்பாவை மூலையிலிருந்த அலமாரிக்குள் தள்ளினார். உள்ளே ஏற்கெனவே ஏதோ பெரிய சாமான் இருந்து இடித்தது. என்னவென்று பார்க்க நேரமில்லை. தோளால் முட்டிக் கதவைச் சாத்திவிட்டு, சட்டையை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். ஒட்டியிருந்த மூக்கைப் பேப்பருக்குப் பின்னால் மறைத்தார்.

பக்கத்தில் அம்மா பொம்மை கோப்பையோடு அமைதியாக உட்கார்ந்திருந்தது.

“தாயே, காட்டிக் குடுத்துடாதே” என்று அதனிடம் முணுமுணுத்தார். திரை விலகியது.

முதலாளியும் பில்டரும் தெருவில் நின்று பார்த்தார்கள். பிறகு பக்கக் கதவு வழியாக ஜன்னலுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பின்னாலேயே மேனேஜர்.

“டிசைனர் எங்கேய்யா?” என்றார் முதலாளி.

“இப்பத்தான் குரல் குடுத்தான் சார். வெளியில போயிருப்பான்.”

முதலாளி அப்பாவை உற்றுப் பார்த்தார். அவருடைய மூச்சு டிசைனரின் காதில் பட்டது. ஒரு வியர்வைத் துளி தொப்பிக்குள்ளிருந்து கிளம்பி, புருவத்தில் இளைப்பாறி, கன்னம் வழியாக இறங்க ஆரம்பித்தது.

“என்னய்யா இது? இவருக்குத் தொப்பை இருக்கு? நேத்து இல்லையே!”

மேனேஜருக்கும் குலை நடுங்கியிருக்க வேண்டும். “ஈரக்காத்து சார். உப்பியிருக்கும்” என்றார்.

“வெளிநாட்டு பொம்மை உப்புமா?”

“நம்ம ஊரு காத்து அதுக்குப் பழக்கமில்லையே சார்.”

டிசைனர் வயிற்றை உள்ளே இழுத்தார். அதற்குள் பில்டர் கைதட்டினார்.

“இருக்கட்டும் சார்! வீடு வாங்குற வயசுல எவனுக்குத் தொப்பை இல்ல? ஒல்லியா ஒருத்தனை உட்கார வச்சா, பாக்கிறவன் இது நம்ம வீடு இல்லன்னு போயிடுவான். இதுதான் சார் டிசைன்!”

டிசைனர் மெதுவாக வயிற்றை மறுபடி வெளியே விட்டார். தன் வாழ்நாளில் அவர் வாங்கிய முதல் பாராட்டு அது. ரசிக்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

“ஆனா ஒண்ணு” என்றார் பில்டர். “ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு உட்கார்ந்த மாதிரி இருக்காங்க. அப்பா கையைத் தூக்கி அம்மா தோள்ல போடுங்களேன்.”

“கையைத் திருப்பு” என்றார் முதலாளி.

மேனேஜர் டிசைனரின் கையைப் பிடித்துத் திருகினார். தோளில் மளுக்கென்றது.

“இறுக்கமா இருக்கு சார்.”

“பின்பக்கமா ஒரு முழுச் சுத்து சுத்து. வந்துடும்.”

முழுச் சுற்று வரவில்லை. முக்கால் சுற்று வந்தது. டிசைனர் பல்லைக் கடித்துக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர் அருவியாகக் கொட்டியது. கை ஒருவழியாக அம்மாவின் தோளுக்குப் போய்ச் சேர்ந்தது.

“நழுவுது பாரு. ஊசி குத்து.”

மேனேஜர் குண்டூசியை எடுத்தார். பொம்மைகளுக்குத் துணியை நிறுத்த ஊசி குத்துவது அந்தத் தொழிலில் சகஜம். டிசைனரே எத்தனையோ பொம்மைகளுக்கு ஈவிரக்கம் இல்லாமல் குத்தியிருக்கிறார். அத்தனை ஊசிகளும் இப்போது நினைவுக்கு வந்தன. அப்பாவின் சட்டைக் கையையும் அம்மாவின் தோள் துணியையும் சேர்த்து மேனேஜர் ஒரே குத்தாகக் குத்தினார். டிசைனரின் உயிர் உச்சந்தலை வரை போய்த் திரும்பியது. அம்மா தோளிலும்தான் ஊசி இறங்கியது. அது அசையவில்லை. கையிலிருந்த கோப்பை மட்டும் லேசாக ஆடியது. தெருவில் லாரி ஏதாவது போயிருக்கும்.

கொடுத்துவைத்தவள், பொம்மையாகப் பிறந்திருக்கிறாள் என்று டிசைனர் பொருமினார்.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே மனைவி வந்து நின்றாள்.

கையில் அவர் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா. கணவர் அமைத்த ஜன்னலைப் பார்க்கும் ஆசையோடு வந்தவள், சிரித்த முகமாகப் பால்கனியைப் பார்த்தாள். தொட்டிகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். தொப்பையைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. அந்தத் தொப்பைக்குப் பொங்கிப் போட்டவளே அவள்தான். தொப்பி போட்டாலும் கண்ணாடி போட்டாலும் அவளிடம் அது மறையுமா? அடுத்து அந்தக் கையைப் பார்த்தாள். கை இருந்த தோளைப் பார்த்தாள்.

அவள் போனை எடுத்து அழுத்தினாள். டிசைனரின் பாக்கெட்டில் ‘விர்ர்’ என்று அதிர்ந்தது.

“என்ன சத்தம்?” என்றார் முதலாளி.

“தெருவுல தோண்டுறாங்க சார்” என்றார் மேனேஜர்.

விர்ர் நின்றது. மறுபடி வந்தது. மனைவி கண்ணாடியில் மூக்கு படும்படி நின்றுகொண்டு, அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். சத்தம் உள்ளே கேட்கவில்லை. ஆனால் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு உதட்டசைவு போதாதா? ‘வீட்டுக்கு வாங்க’ என்றாள். இவ்வளவு பயங்கரமாக யாரும் யாரையும் வீட்டுக்கு அழைத்திருக்க மாட்டார்கள்.

“பாத்தீங்களா!” என்று பில்டர் பூரித்துப்போனார். “தெருவுல போற பொம்பளை நின்னு, கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாக்குது. உதடு துடிக்குது! அந்தக் குடும்பத்தைப் பாத்து ஏங்குது! முடிவு பண்ணிட்டேன் சார். இதை அப்படியே எடுத்துக்கிறேன். பொம்மைங்களோட சேத்து. என்னோட மாடல் வீட்டுல வைக்கணும்.”

முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “பொண்ணைக் கட்டிக் குடுக்கிற மாதிரி இருக்கு சார்.”

“மொத்தக் குடியிருப்புக்கும் உங்ககிட்டதான் சாமான் எடுக்கப் போறேன்.”

“சரி, நல்லா வச்சுக்கோங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலாளி மேனேஜரிடம் திரும்பினார். “வண்டி வரச் சொல்லு. முழுசா ஏத்தாதே, உடைஞ்சிடும். தலை, கை, கால் எல்லாத்தையும் தனித்தனியா கழட்டி அட்டைப்பெட்டியில அடுக்கு. முதல்ல அப்பா தலையை எடு.”

“இறுக்கமா இருக்கு சார்.”

“கழுத்துல சுத்தியலால ஒரு தட்டு தட்டித் திருகு.”

“இதோ, சுத்தியலும் பெட்டியும் எடுத்துக்கிட்டு வந்துடறேன் சார்.”

மூன்று பேரும் வெளியேறினார்கள். கதவு சாத்திக்கொண்டது.

எழுந்து ஓடினால் வேலை போகும், பெட்டியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும். உட்கார்ந்திருந்தால் தலை போகும். எதை விடலாம் என்று டிசைனர் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். தலை இல்லாமல் வீட்டுக்குப் போனால்கூட மனைவி ‘அதையும் எங்கே தொலைச்சீங்க?’ என்றுதான் கேட்பாள். கடைக்குள் எங்கோ இரும்புச் சாமான்களைக் கிளறும் சத்தம் கேட்டது. அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். அழுகை வந்தது.

“உனக்கென்னம்மா, நீ பொம்மை” என்று பக்கத்தில் பார்த்து விம்மினார். “சுத்தியலால அடிச்சாலும் உனக்கு வலிக்காது.”

“யாரு சொன்னது?” என்றது அம்மா பொம்மை, உதட்டை அசைக்காமல். “காலையில கண்ணாடி துடைக்க வந்த இடத்துல அம்மா பொம்மையை உடைச்சு அலமாரிக்குள்ள தள்ளிட்டு, அப்போலேருந்து நான்தான் உட்கார்ந்திருக்கேன். முதல்ல தோள்லேருந்து கையை எடுங்கண்ணே, உங்க வீட்டுக்காரம்மா உள்ள வந்துட்டு இருக்காங்க!”