முன்னேற்பாடு

முருகானந்தம் படியிறங்கிச் செருப்பை மாட்டுவதற்குள் அந்த வீட்டம்மாள் ஒரு வாளித் தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டாள். கொட்டியதோடு விட்டாளா? விளக்குமாற்றை எடுத்து, அவர் நின்ற இடத்தைத் தேடித் தேடித் தேய்த்தாள். அவருடைய பேன்ட் முழங்கால்வரை நனைந்துபோனது.

"மிகவும் சுத்தமான மக்கள்," என்று ஆங்கிலத்தில் வியந்தார் பக்கத்தில் நின்ற டீட்டர். "காலையிலிருந்து நாம் போன வீடெல்லாம் கழுவிவிடுகிறார்கள்."

"ஆமா சார், ஸ்ரீரங்கம்னாலே சுத்தம்தான்," என்றார் முருகானந்தம். பிணம் எடுத்த வீட்டைத்தான் இப்படிக் கழுவிவிடுவார்கள் என்று ஒரு வெள்ளைக்காரரிடம் எந்த வாயால் சொல்வது?

டீட்டர் ஒரு ஜெர்மன் கம்பெனியின் ஆசியப் பொறுப்பாளர். அந்தக் கம்பெனி விற்பது இறுதிச் சடங்கை. உயிரோடு நடமாடும்போதே ஒருவர் தன் சாவுக்குப் பதிவு செய்துவிடலாம். கண்ணை மூடியதும் ஒரு போன் போதும். ஐஸ் பெட்டி, பூ அலங்கரித்த வண்டி, சடங்கு செய்ய வாத்தியார், தூக்க ஆள், எல்லாம் வீடு தேடி வந்துவிடும். திட்டத்துக்கு 'முன்னேற்பாடு' என்று பெயர். "நூற்று நாற்பது கோடி வாடிக்கையாளர்கள். ஒருவர்கூடத் தப்ப மாட்டார்," என்று தலைமை அலுவலகத்தில் யாரோ படம் போட்டுக் காட்ட, மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டி, திருச்சியில் ஓர் அலுவலகமும் திறந்துவிட்டார்கள்.

அந்த நூற்று நாற்பது கோடியில் இதுவரை ஒருவர் சிக்கவில்லை. நாளைக்கு டீட்டர் விமானம் ஏறுகிறார். அதற்குள் ஒரே ஒரு ஆளாவது பதிவு செய்யாவிட்டால் அலுவலகத்துக்குப் பூட்டு, முருகானந்தத்துக்கு வீடு. துவாக்குடியில் இருக்கும் மனைவிக்கு அவர் என்ன விற்கிறார் என்பதே தெரியாது. ஏதோ இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மகன் கதிரவன் ஜெர்மனியில் மேல்படிப்பு படிக்கிறான். அப்பாவின் சம்பளம் நின்றால் பாதிப் படிப்பில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஒரு காலத்தில், ஏற்கெனவே குக்கர் இருக்கிற வீட்டில் இன்னொரு குக்கரைத் தள்ளிவிட்டு வந்தவர் முருகானந்தம். சாவை மட்டும் அவரால் தள்ள முடியவில்லை.

"நாம் தவறான இடத்தில் தேடுகிறோம்," என்றார் டீட்டர். "இந்தச் சிரமத்தை இப்போது பட்டுக்கொண்டிருப்பவர்களிடம் போவோம்."

"பட்டுக்கிட்டு இருக்கறவங்கன்னா?"

"துக்க வீடு."

முருகானந்தம் மறுத்துப் பேசுகிற நிலைமையிலா இருந்தார்? காந்தி மார்க்கெட் வெங்காய மண்டி ராமரின் அப்பா தவறிவிட்டதாகக் காலையில்தான் போஸ்டர் பார்த்திருந்தார். ராமர் பழைய குக்கர் வாடிக்கையாளர். ஆட்டோ பிடித்தார்கள்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. டீட்டர் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிப் போட்டார். ஒரு நிமிடம் தலைகுனிந்து நின்றார். பந்தலில் இருந்த சனம் அசந்துவிட்டது. ராமருக்குக் கண் கலங்கியது.

"அப்பாவுக்கு வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் ஆள் வருது பாருங்க!" என்று முருகானந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். நீட்டிய கார்டை வாங்கிச் சட்டைப் பையில்கூட வைத்துக்கொண்டார். விசாரித்தால் ஒருவேளை பதிவே செய்துவிடுவாரோ என்று முருகானந்தத்துக்கு நப்பாசை வந்துவிட்டது.

கிளம்பும் நேரத்தில்தான் கெட்டது. டீட்டர் வாசலில் நின்று திரும்பினார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். ஹோட்டல் வரவேற்பறைப் பெண் சொல்லிக்கொடுத்த தமிழைக் கணீரென்று எடுத்துவிட்டார்.

"போயிட்டு வரேன்!"

மேளம் நின்றுவிட்டது.

துக்க வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட வேண்டும். மறுபடி வருகிறேன் என்றால், மறுபடி ஒரு சாவு விழட்டும் என்று ஆகிவிடும். மூலையில் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்த ராமரின் அத்தை வள்ளிக்கண்ணு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்குடா வரேங்கறான்? என்னையப் பாத்துல்ல சொல்றான்!" என்று அலறியவள் அப்படியே சாய்ந்தாள்.

ராமர் பையிலிருந்த கார்டை இப்போதுதான் எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

"யோவ் முருகானந்தம், யாருய்யா இவன்? எமனை ஃபாரின்லேர்ந்து எறக்குமதி பண்ணிக் கூட்டியாந்திருக்கியா? புடிங்கடா ரெண்டு பேரையும்!"

சட்டைப் பை கிழிந்ததோடு முருகானந்தம் தப்பினார். வள்ளிக்கண்ணுவுக்கு யாரோ சோடா உடைத்துக் கொடுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. ஆட்டோவில் ஏறியதும் பாடம் எடுத்தார்.

"சார், கெளம்பும்போது ஒண்ணுமே சொல்லாதீங்க. வாயே தெறக்காதீங்க. திரும்பிப் பார்க்காதீங்க. விறுவிறுன்னு நடந்து வந்துடுங்க."

"புரிந்தது," என்று டீட்டர் அதைப் போனில் குறித்துக்கொண்டார். ஜெர்மானியர், ஒருமுறை சொன்னால் போதும். அது துக்க வீட்டுக்கு மட்டும்தான் என்பதைச் சொல்ல முருகானந்தத்துக்குத் தோன்றவில்லை.

அடுத்துப் போனது மறுபடி ஸ்ரீரங்கம், உத்தர வீதியில் ஹம்ஸா மாமி வீடு. ரிட்டையர்டு டீச்சர், விவரமானவர். வேண்டாம் என்று எடுத்தவுடன் சொல்லாமல் பொறுமையாகக் கேட்டார். காபிகூட வந்தது.

"நல்ல காரியம்தான். குழந்தைகள் எல்லாரும் வெளியூர்ல இருக்கா. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேன்," என்றார் மாமி.

முருகானந்தத்துக்குக் காபி தொண்டையில் தேனாக இறங்கியது. மாமி அப்படிச் சொல்லி முடித்ததும் டீட்டர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், விறுவிறுவென்று வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார்.

மாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன இது, சொல்லிக்காம போறார்? உள்ள அவர் முட்டி ஆபரேஷன் பண்ணிண்டு படுத்திண்டிருக்கார்! உயிரோட மனுஷா இருக்கற ஆத்துலேர்ந்து இப்படிப் போகலாமா?"

"அவருக்குத் தெரியாது மாமி. அவருக்கும் சேர்த்து நான் சொல்லிக்கறேன். போயிட்டு வரேன் மாமி!"

"சாவு விக்கறவர் எங்காத்துக்குத் திரும்பி வரேங்கறேளா? வரவே வேண்டாம்!"

அங்கேயும் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. மாமி விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். வீதிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'ஒரு வெள்ளைக்காரரும் ஈர பேன்ட் மாமாவும் வரா. கதவைத் திறக்காதேங்கோ' என்று ஒரே வரிதான். இவர்கள் நடக்க நடக்க, இரண்டு பக்கமும் கதவுகள் டப் டப்பென்று சாத்திக்கொண்டன. ஊரடங்கு போட்டால்கூட அந்த வீதி அவ்வளவு ஒழுங்காக அடங்கியிருக்காது.

டீட்டர் நின்றார். அவர் கெட்டவரில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"நான் இன்று அறிக்கை அனுப்பியாக வேண்டும். அலுவலகத்தை மூடிவிடுவார்கள், முருகா. மன்னித்துவிடுங்கள்."

முருகானந்தம் தலையை மட்டும் ஆட்டினார். கதிரவனிடம் இதை எப்படிச் சொல்வது? திரும்பி வந்துடுப்பா என்று சொல்லவா ஏஜென்சி ஏஜென்சியாக அலைந்து அனுப்பிவைத்தார்? வெயிலில் நின்றபடி அழுதுவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அப்போது வீதிக் கோடியில் ஒரு கதவு திறந்தது. ஒற்றை நாடிக் கிழவர் ஒருவர், நெற்றியில் திருமண் பளிச்சிட, வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டார்.

"ஓய்! கார்யம் பண்ணித் தர்ற கம்பெனி நீங்கதானே? எந்த ஊர்க் கம்பெனி?"

"ஜெர்மனிங்க. ஹாம்பர்க்."

"உள்ள வாங்கோ."

அவர் பெயர் சௌரிராஜன். முருகானந்தம் பேசவே வேண்டியிருக்கவில்லை, அவரே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வக்கீல் தோற்றுப்போவார்.

"ஞாயித்துக்கிழமை ஆனா வருவாளோ?"

"எந்நேரமும் வருவாங்க சார்."

"தகனம்தானே? புதைச்சுட மாட்டாளே?"

ஸ்ரீரங்கத்து ஐயங்காரை யார் புதைக்கப் போகிறார்கள் என்று முருகானந்தத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "தகனம்தான் சார். முறைப்படி எல்லாம் நடக்கும்."

"வாரக்கணக்கில பெட்டியில போட்டு வைக்கப்படாது."

"அய்யய்யோ, அதே நாள்ல முடிச்சுடுவோம் சார்."

"தூக்கறதுக்கு ஆள்? தள்ளுவண்டி வேண்டாம். தோள்ல தூக்கணும்."

"நாலு பேர் நிச்சயம் உண்டு சார்."

கிழவர் அந்த நாலு பேரைப் பற்றி மட்டும் இன்னொரு தடவை கேட்டார். கேட்கும்போது குரல் கொஞ்சம் பிசிறியது. தன் சாவைப் பற்றிப் பேசும்போது யாருக்குத்தான் பிசிறாது என்று முருகானந்தம் அவருக்காக மனதார வருந்தினார். டீட்டர் டேப்லெட்டை நீட்ட, சௌரிராஜன் விரலால் கையெழுத்துப் போட்டார்.

முடிந்தது. இந்தியாவின் முதல் வாடிக்கையாளர்! டீட்டர் முருகானந்தத்தின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அலுவலகம் பிழைத்தது. முருகானந்தத்துக்கு நெஞ்சு விம்மியது. கதிரவன் இனி எதற்கும் திரும்பி வர வேண்டாம். அங்கேயே படிப்பான், அங்கேயே வேலை, அங்கேயே வீடு. பிள்ளை கடைசிவரைக்கும் அங்கேயே ராஜா மாதிரி இருந்துவிடலாம்.

"ஊரே கதவைச் சாத்தியபோது இவர் மட்டும் ஏன் ஒப்புக்கொண்டார் என்று கேளுங்கள்," என்றார் டீட்டர். "தலைமை அலுவலகத்துக்கு அதுதான் முக்கியம்."

முருகானந்தம் கேட்டார். சௌரிராஜன் ஜன்னல் பக்கம் திரும்பி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுக்களையிலிருந்து தீர்த்தச் சொம்போடு வந்த அவர் மனைவி ரங்கம்மா, இரண்டு பேரையும் ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இவருக்கு இல்லைப்பா. இவர் கண்ணை மூடினா தூக்கறதுக்கு இந்த வீதியே கதவைத் திறந்துண்டு ஓடிவரும். ஹாம்பர்க்ல எங்க பிள்ளை பிரஹலாத் படுத்த படுக்கையாத் தனியாக் கிடக்கான், அவனைத் தூக்கத்தான் அங்க நாலு பேர் வேணும்."