பன்னிரண்டாம் நம்பர் தேக்சா

பேகம்பூர் அப்துல் லத்தீப் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி, இனி இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்தையாவது தானே முடிவு செய்வது என்று தீர்மானித்தார். தீர்மானத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாயில் எலும்பு இருந்தது. எதிரில் மனைவி சைதூனும் இருந்தாள்.

கடையில் அவர் முதலாளி. பந்தல் சாமானும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடை. திண்டுக்கல்லைச் சுற்றி அவருடைய தேக்சாவில், அதாவது பிரியாணி அண்டாவில், வேகாத கல்யாணச் சோறு குறைவு. வீட்டில்தான் நிலைமை வேறு. அவருடைய சாய்வு நாற்காலி மகன் முகமது ரஃபீக்கின் லேப்டாப்புக்குப் போய்விட்டது. ஃபேனுக்கு நேர் கீழே கிடந்த கட்டில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருமகள் ரஃபியாவுக்குப் போய்விட்டது. டிவி ரிமோட், மகள் ரிஃபாத் கைக்குப் போனது போனதுதான். அவருக்கென்று மிஞ்சியது ஒரு பழைய ஸ்கூட்டர்.

ஒரு காலத்தில் அந்த ஸ்கூட்டரில் மனைவி, இரண்டு பிள்ளைகள், இரண்டு தேக்சா, ஒரு ஆடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நத்தம் ரோட்டில் போனாராம். பார்த்த போலீஸ்காரர் விசில் ஊதுவதை மறந்து எண்ண ஆரம்பித்தாராம். அவர் எண்ணி முடிப்பதற்குள் வண்டி சாணார்பட்டி தாண்டிவிட்டதாம். ஆடு கூட வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டது என்பார் லத்தீப்.

அப்படிப்பட்டவருக்கு ஸ்கேன் சென்டரில் ஒரு சேதி காத்திருந்தது. ரஃபியாவுக்கு ரெட்டைப் பிள்ளை. அன்றைக்கே வீட்டில் எல்லோரும் ஒரு குரலில் சொன்னார்கள்: கார் வாங்க வேண்டும்.

லத்தீப்புக்கு அதில் சந்தோஷம்தான். அவர் மனசில் ஏற்கெனவே ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு. கூரையில் கண்ணாடி ஜன்னல். முன் சீட்டில் அவர், வெள்ளைத் தொப்பியோடு, முழங்கை வெளியே தெரிய. பழைய கார் புரோக்கர் சூசைராஜ் அந்தக் காரை ஏற்கெனவே காட்டியும் விட்டார்.

"அது எத்தனை பேரு போற வண்டி?" என்று கேட்டாள் சைதூன்.

"அஞ்சு பேரு. நாம அஞ்சு பேருதான? கச்சிதமா இருக்கும்."

"வரப்போற ரெண்டு?"

"கைப்புள்ளைக்கு எதுக்குடி சீட்டு? மடியில வச்சுக்கிறது."

"ரெண்டும் காலேஜ் போற வரைக்கும் மடியிலயே வச்சுக்குவீகளா? அதே சூசைராஜ் அண்ணன்கிட்ட வெள்ளையா ஏழு சீட்டு வண்டி ஒண்ணு நிக்குதாம். அது எடுப்போம்."

"அது வண்டியா? டவுன் பஸ்ஸு குட்டி போட்ட மாதிரி இருக்கு!"

இதைச் சொன்னதற்கு ஒரு உள்காரணம் உண்டு. ஏழு சீட்டு வந்தால் குஜிலியம்பாறையில் இருக்கும் சைதூனின் அண்ணன் குடும்பம் அதில் ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. அஞ்சு சீட்டு என்றால், இடமில்லை என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம்.

"ஆள் ஒண்ணு கூடுச்சுன்னா என்னங்க செய்வீக?" சைதூன் விடவில்லை.

"கூடுற ஆளு ஸ்கூட்டர்ல பின்னாடியே வரட்டும். காத்து வாங்குன மாதிரியும் இருக்கும்."

சைதூன் எழுந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேச்சில் ஜெயித்துவிட்டதாக லத்தீப் நினைத்தார். அவருக்கு அது புது அனுபவம். அதனால் அடையாளம் தெரியவில்லை.

அடுத்த வாரம் ரஃபியாவுக்கு ஏழாம் மாதம். அவளைச் சாணார்பட்டியில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். கூடவே இரண்டு தேக்சா பிரியாணி. இங்கே தம் போட்டு, மூடியின் விளிம்பில் மைதா மாவை அப்பி, அங்கே சம்பந்தி முன்னால்தான் திறக்க வேண்டும். வழியில் மாவு விட்டு ஆவி போய்விட்டால், ஆறின சோற்றைக் கொண்டுவந்தார்கள் என்ற பேச்சு அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகிற வரை நிற்கும்.

லத்தீப் மூளையில் பல்பு எரிந்தது. சின்ன பல்புதான். ஆனாலும் எரிந்தது.

"சைதூனு, ஒரு பந்தயம். ரெண்டு வண்டியையும் சூசைராஜ் ஓட்டிப் பாக்கத் தாரேங்குறான். ஆளுக்கு ஒரு தேக்சா ஏத்துவோம். எந்த வண்டியில தம் உடையாமப் போய்ச் சேருதோ அதுதான் நம்ம வண்டி. தோத்தவுக மறுபேச்சு பேசக்கூடாது. சம்மதமா?"

"நீங்க சொன்னாச் சரிதாங்க."

இருபத்தேழு வருட இல்வாழ்க்கையில் சைதூன் இந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. மனுஷன் அந்த இடத்திலாவது சுதாரித்திருக்க வேண்டாமா?

கடையில் ஒவ்வொரு தேக்சாவிலும் "அ.ல." என்று பெயர் வெட்டி நம்பரும் வெட்டியிருக்கும். மூடியில் ஒன்று, பாத்திரத்தில் பிடிக்குக் கீழே ஒன்று. ஒன்பதாம் நம்பர் தங்கமான தேக்சா. வைத்த இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். பன்னிரண்டாம் நம்பர் வேறு ரகம். தொப்பம்பட்டிக் கல்யாணம் ஒன்றில் டிராக்டரிலிருந்து விழுந்து அடிப்பக்கம் தொந்தி போட்டுவிட்டது. செங்கல் அடுப்பில் ஏற்றினால் சாதுவாக உட்காரும். சமதளத்தில் வைத்தால் பம்பரம். அதற்குப் பிறகு அதை வாடகைக்கு வாங்கிப் போன மாப்பிள்ளை வீட்டார், பந்தியில் அது தானாக நகர்ந்து பெண் வீட்டார் பக்கம் போய்விட்டது என்று சண்டை பிடித்ததாகக் கேள்வி.

லத்தீப் ஒன்பதையும் பன்னிரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார்.

"ஒம்பது என் வண்டிக்கு. பன்னெண்டு உன் வண்டிக்கு. மாறிறப் போகுது."

"மாறுமாங்க? நம்பர்தான் வெட்டியிருக்கே" என்றாள் சைதூன்.

ஞாயிறு காலை ரெண்டு தேக்சாவும் சைதூன் கையால் மாவு அப்பித் தம் முடிந்து, சாக்கு சுற்றித் தயாராக நின்றன. வெளியே தெரிந்தது மூடி மட்டும்தான். லத்தீப் குனிந்து மூடியைப் பார்த்தார். 9. சிவப்பு வண்டியின் பின் சீட்டில் ஏற்றச் சொன்னார். மற்றது வெள்ளை வண்டிக்குப் போனது. ரஃபீக் அதை ஓட்ட, பெண்கள் மூன்று பேரும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள்.

"ரிஃபாத், நீ அத்தாவோட வா. கூரை ஜன்னல் இருக்கு, பாரு."

"வேணாம் அத்தா. பிரியாணி வாசத்துக்கு எனக்குத் தலை சுத்தும்" என்றாள் ரிஃபாத். பிறந்ததிலிருந்து பிரியாணி வாசத்தில் வளர்ந்த பெண்.

சிவப்பு வண்டி கிளம்பியது. ஓட்டினது சூசைராஜ். லத்தீப் முன் சீட்டில், முழங்கை வெளியே. பேகம்பூர் கடைத்தெருவில் தெரிந்தவர், தெரியாதவர், கம்பத்தில் கட்டியிருந்த ஆடு எல்லோருக்கும் ஸலாம் வைத்தார்.

நத்தம் ரோட்டில் முதல் வேகத்தடை வந்தது.

"டொம்."

"என்ன பாய் சத்தம்?" என்றார் சூசைராஜ்.

"ஒண்ணுமில்ல. நீ ஓட்டுப்பா."

"டொம் டொம்."

"அது தலையாட்டுது பாய்!" என்றார் சூசைராஜ், கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி.

லத்தீப் திரும்பிப் பார்த்தார். தேக்சா இடது பக்கம் சாய்ந்து யோசித்தது. பிறகு வலது பக்கம் சாய்ந்து யோசித்தது. ஒன்பதாம் நம்பருக்கு இந்தப் பழக்கமே கிடையாதே!

"ஓரமா நிப்பாட்டு!"

பின் சீட்டுக்குத் தாவினார். சுடச்சுடத் தேக்சாவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். தன் கல்யாணத்தன்று கூட அவர் அவ்வளவு இறுக்கமாக யாரையும் பிடித்ததில்லை. அடுத்த வேகத்தடையில் ஒரு பக்கம் மாவு விட்டது. அதற்கடுத்ததில் இன்னொரு பக்கம். மூன்றாவதில் மசாலா எண்ணெய் அவர் சட்டை வழியாக இறங்கி, சிவப்பு வண்டியின் வெள்ளை சீட்டில் குளம் கட்டியது.

"பாய், எஞ்சீட்டு! பாய், எம்பொழப்பு!" சூசைராஜ் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

சாணார்பட்டி போய்ச் சேர்ந்தபோது தெருநாய்கள் பதினெட்டு அந்தக் காருக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. லத்தீப் இறங்கினார். மஞ்சளாக இறங்கினார். சட்டைப் பையில் ஒரு ஏலக்காய்.

வெள்ளை வண்டித் தேக்சா சம்பந்தி முன்னால் திறக்கப்பட்டது. குப்பென்று ஆவி. "சீரகச் சம்பா சும்மா பூ மாதிரி நிக்குது" என்றார் சம்பந்தி அம்மாள். லத்தீப் மெதுவாகத் தன் தேக்சாவின் சாக்கை விலக்கிப் பிடிக்குக் கீழே பார்த்தார். 12. மூடியைப் பார்த்தார். 9. மறுபடி பார்த்தார். அப்படியேதான் இருந்தது.

மூடி மாறியிருக்கிறது. மாறியதா, மாற்றப்பட்டதா? கேட்கலாம். கேட்டால், "பன்னெண்டு ஆடும்னு தெரிஞ்சே அதை ஏங்க என் வண்டிக்குச் சொன்னீக?" என்று ஒரு கேள்வி திரும்பி வரும். அதுவும் சம்பந்தி முன்னால். கேட்க முடியாது. விழுங்கினார். நெருப்புக் கோழி கூட அப்படி விழுங்கியிருக்காது.

"என்னங்க பாக்குறீக?" என்றாள் சைதூன், வெகு அன்பாக.

"ஒண்ணுமில்ல. நல்லா வெந்திருக்கு."

"பந்தயம் நீங்க வச்சது. அப்ப வெள்ளை வண்டிய முடிச்சிரலாமா?"

"முடிச்சிரு. ஆனா ஒண்ணு, முன் சீட்டு எனக்கு."

"அதுக்கென்ன, பாத்துக்கலாம்."

சிவப்பு வண்டியைச் சூசைராஜ் ஏழு தடவை கழுவினார். இன்றைக்கும் அது சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர்களுக்குப் பசிக்கிறதாம்.

பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் ஆண். ரஃபியா பேகம்பூர் திரும்பிய மாதமே, குஜிலியம்பாறையில் சைதூனின் அண்ணன் வீட்டுக் கல்யாணம். யாருக்கு இடமில்லை என்று சொல்ல லத்தீப் திட்டம் போட்டாரோ, அவர்கள் வீட்டுக்கே முதல் பயணம். அது போகட்டும், முன் சீட்டு இருக்கிறதே! மனுஷன் அத்தர் பூசி, புதுத் தொப்பி வைத்து, வாசலுக்கு வந்தார்.

ஓட்டும் சீட்டில் ரஃபீக். முன் சீட்டில் சைதூன்.

"வழி சொல்லணும்ல. எங்க அண்ணன் வீடு எனக்குத்தான தெரியும்."

நடுவில் ரஃபியா. அவளுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள், பெல்ட் போட்ட கூடையில், ஆளுக்கு ஒரு சீட்டு. ஒருவன் லத்தீப்பைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். கடைசி வரிசையில் ரிஃபாத். அவளுக்குப் பக்கத்து சீட்டில், பெல்ட் மாட்டிக்கொண்டு, சாக்கு போர்த்தி, மாமனார் தோரணையில் ஒரு தேக்சா.

"ஏழு பேருக்கு ஏழு சீட்டுனு சொன்னியே! தேக்சாவைக் கீழ எறக்கி வைம்மா. நான் ஒக்காரணும்."

"கீழ வச்சா ஆடுங்க. பன்னெண்டாம் நம்பரு" என்றாள் சைதூன்.

லத்தீப்புக்கு நெஞ்சுக்குள் ஒரு டொம்.

"உனக்கு... அது ஆடும்னு எப்ப இருந்து தெரியும்?"

சைதூன் ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

"கடை உங்க பேர்ல இருக்கு. இருபத்தேழு வருசமா திரும்பி வர்ற அம்புட்டுத் தேக்சாவையும் கழுவிக் கவுத்துறது யாருங்க?"

ஸ்கூட்டர் சாவியை ஜன்னல் வழியாக அவர் கையில் வைத்தாள்.

"பின்னாடியே வாங்க. காத்து வாங்குன மாதிரியும் இருக்கும்."