தடை உத்தரவும் ஒரு முட்டையும்

"ரெண்டு தட்டு கறி கேட்டேன் சார். அதுக்குத்தான் ரெண்டு விரல்."

டயர் கடை வாசலில் நின்ற காவலர் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த புகைப்படத்தையும் எவரார்டோவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் ஏதோ ஒரு பழைய கல்யாணப் பந்தியில், அவன் இரண்டு விரலைக் காட்டியபோது எடுத்தது. பக்கத்தில் நிற்பவர்கள் பிற்காலத்தில் ரௌடிகள் ஆனார்கள். எவரார்டோ டயர் கடைக்காரன் ஆனான். ஆனால் அந்த இரண்டு விரலைக் கும்பல் முத்திரை என்று நகராட்சியின் வழக்கறிஞர்கள் கண்டுபிடித்து, ரௌடிகள் மேல் வருடா வருடம் நீளும் தடை உத்தரவில் இந்த வருடம் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள்.

"பியெஸ்தா திருவிழா முடியற வரைக்கும் ஊர் நடுவுல கால் வைக்கக் கூடாது. பட்டியல்ல இருக்கிற இன்னொரு ஆளோட பொது இடத்துல நிக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழமை என் பொண்ணு ஆடுறா சார். கோர்ட் தோட்டத்து மேடையில. முதல் தடவையா தனியா ஆடுறா."

"யாராவது வீடியோ எடுப்பாங்க," என்று ஆறுதல் சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

வீட்டில் லெத்தீசியா மகளின் பாவாடைக்குச் சரிகை தைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியைப் பாவாடையில் குத்தி நிறுத்தினாள்.

"போன வருஷம் கடையில கூட்டம்னு வரலை. இந்த வருஷம் ரௌடின்னு வரலையா? அவகிட்ட நீயே சொல்லு."

மரிசேலா கேட்டாள். "அப்பா, நீ ரௌடியா?"

"இல்லடி."

"அப்ப வரலாமே."

இந்த வாதத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்பதால் எவரார்டோ மறுநாள் இலவச வழக்கறிஞர் மிஸ் கிம்பலிடம் போனான். அவருடைய அலுவலகம் நல்லவேளையாக ஊருக்கு வெளியே இருந்தது.

"ஒரு நாள் விலக்கு கேட்டு அவசர மனு போட்டாச்சு," என்றார் அவர் உற்சாகமாக. "நாளைக்கு மதியமே விசாரணை, ஆட்டத்துக்கு முன்னாடியே!"

"எங்க மேடம்?"

"கோர்ட்லதான்."

"கோர்ட் தடைப் பகுதிக்குள்ள இருக்கே."

மிஸ் கிம்பலின் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. "போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு அனுமதி வாங்கிடலாம்."

"அதுவும் உள்ளதான் மேடம் இருக்கு."

ஸ்டேஷனுக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். அங்கிருந்தவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நேர்ல வந்து எழுதிக் குடுங்க," என்றார்.

எவரார்டோ சுவரில் குத்தினான். சுவர் அட்டை. ஓட்டை விழுந்தது.

"இதை நான் பார்க்கலை," என்ற மிஸ் கிம்பல், எங்கெங்கோ பேசி, சாயங்காலத்துக்குள் அனுமதி வாங்கிவிட்டார். பேருந்து நிறுத்தத்திலிருந்து நீதிமன்ற வாசல் வரை நேராக நடக்கலாம். நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, யாருடனும் பேசக் கூடாது.

அன்று இரவு லெத்தீசியாவின் தம்பி சூயி போன் செய்தான். அவனும் பட்டியலில் இருப்பவன், ரொம்ப வருடமாக.

"மச்சான், கவலையை விடு. என் பொண்ணு ஆடினப்ப நான் பார்க்கலையா?"

"எங்கேர்ந்துடா பார்த்தே?"

"நல்ல இடம். நிழல் வேற. நாளைக்கு நான் பார்த்துக்கறேன்."

"நீ ஒண்ணும் பார்த்துக்க வேண்டாம். என் பக்கத்துல வந்தே, டயர் கழட்டுற இரும்பால அடிப்பேன்."

வெள்ளிக்கிழமை உடுப்பில் சிக்கல் வந்தது. இருந்த சட்டைகளில் நீலம் ஒரு கும்பலின் நிறம், சிவப்பு இன்னொன்றின் நிறம். மிஞ்சியது சாவுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. ஆகஸ்ட் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, கிதாருக்கும் குதிரைகளுக்கும் சிரிப்புக்கும் நடுவே, யாரையும் பார்க்காமல் எவரார்டோ நேராக நடந்தான். மாடி ஒழுகியபோது அவன் அப்பா ஓடு மாற்றிய கட்டடம்தான் அந்தக் கோர்ட்டு. இன்று அதன் வாசலுக்குப் போக அவன் கையில் சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். வாசற்படியில் கால் வைத்தாயிற்று.

மண்டையில் 'டப்' என்று ஏதோ உடைந்தது. கறுப்புக் கோட்டு முழுக்க வண்ணக் காகிதத் தூள் கொட்டியது.

"பியெஸ்தா வாழ்க!" என்றான் சூயி. கையில் நொறுங்கிய முட்டையோடு.

திருவிழாவில் வேண்டியவர்கள் தலையில் காகிதத் தூள் நிரப்பிய முட்டையை உடைப்பது அந்த ஊர் வழக்கம். திருப்பித் திட்டாமல் சிரிப்பதும் வழக்கம். எவரார்டோ சிரிக்கவில்லை. மச்சினன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தான். படியில் நின்ற காவலர் இருவரையும் பிரித்தார், பட்டியலைப் பார்த்தார், இருவருக்கும் விலங்கை எடுத்தார்.

"நான் விசாரணைக்குப் போறேன் சார்! சீட்டு இருக்கு!"

"பட்டியல்ல இருக்கிறவனோட பொது இடத்துல நின்னே. தலையில ஆதாரம் இருக்கு."

கீழ்த்தளத்தில் நீதிபதி எவரார்டோவின் பெயரை மூன்று முறை கூப்பிட வைத்தார். மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனுவைத் தள்ளினார். மனுதாரர் அப்போது அதே கட்டடத்தின் மாடிப்படியில் விலங்கோடு ஏறிக்கொண்டு, "இங்கதான்யா இருக்கேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மாடிக் காவல் அறையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பொது இடத்தில் இரண்டு பேராகக்கூட நிற்கக் கூடாதவர்கள் எல்லோரும் ஒரே ஜன்னலில் அப்பிக் கிடந்தார்கள். எல்லார் தலையிலும் காகிதத் தூள்.

"பாவி!" எவரார்டோ சூயியைச் சுவரோடு நெருக்கினான். "அவ மேடையில நின்னு என்னைத் தேடுவாடா! அவளுக்கு நான் என்னடா பதில் சொல்லுவேன்?"

சூயி ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினான். கீழே தோட்டத்தில் கிதார் தொடங்கியது. ஒலிபெருக்கியில் மரிசேலாவின் பெயர் கேட்டது.

வயதான காவலர் டோலன் சாவிக் கொத்தோடு உள்ளே வந்து ஜன்னல்காரர்களை அதட்டினார்.

"நகருங்கப்பா, நகருங்க, இப்ப இவரு பொண்ணு ஆடுது." பிறகு எவரார்டோவின் தோளைத் தட்டினார். "புது ஆளுன்னு இன்னிக்கு விட்டுக் குடுக்கறாங்க. அடுத்த வருஷம் ஜன்னலோரம் வேணும்னா, இவங்கள மாதிரி காலையிலயே கைதாகி வந்துடணும்."