சாட்சி முள்

இந்த வண்டி என்றைக்காவது என்னைக் கொன்றுவிடும். அது கிடக்கட்டும், அதற்கு முன்னால் எல்வியோ அந்த முள்ளைப் பார்த்துவிடுவானே.

தலைக்கவசத்துக்குள் நீல்டா இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கார் பந்தயம் முடிந்து, வண்டிகள் புழுதிக்குள் ஒவ்வொன்றாகக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

எஞ்சின் சுழற்சியைக் காட்டும் வட்டத்தில் இரண்டு முட்கள். கறுப்பு முள் காலோடு சேர்ந்து ஏறும், இறங்கும். மெல்லிய சிவப்பு முள் அதிகபட்சம் எதுவரை போனதோ அங்கேயே நின்றுவிடும். அதன் பெயர் சாட்சி. பந்தயம் முடிந்ததும் எல்வியோ மனைவியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பான், பார்த்ததும் கீழே இறக்கி வைப்பான்.

"ஏழாயிரத்துல கியர் மாத்து. அப்பதான் அடுத்த கியர் அஞ்சாயிரத்துல வந்து விழும். அங்கதான் எஞ்சினுக்கு உயிரு. அவசரப்பட்டு மாத்தினே, தூங்கிடும்" என்று காலையில்கூடச் சொன்னான். ஏழாயிரத்தைத் தொட்டால் எரிவதற்கு ஒரு சிவப்பு விளக்கும் வைத்திருந்தான். அது எரிந்து நீல்டா பார்த்ததே இல்லை. ஐயாயிரத்து முந்நூறுக்கு மேல் அந்தச் சத்தம் பற்களுக்குள் இறங்கும். கை தானாக அடுத்த கியருக்குப் போய்விடும்.

அவளை யாரும் கேட்டு ஏற்றவில்லை. எல்வியோவுக்கு இடுப்பு போய்விட்டது, டாக்டர் கூடாது என்றுவிட்டார், இருக்கை காலியாக இருந்தது. ஊர்ப் பேக்கரியின் ரொட்டி வண்டியை மண் சாலைகளில் ஓட்டுகிறவள் என்பது போதுமான தகுதியாகப் போயிற்று. கிளப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். 'உனக்குச் சம்மதமா?' என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டாள்.

இப்போது சாட்சி முள் ஐயாயிரத்து முந்நூறில் நின்றது. கொட்டகைக்குப் போகும் வழியில், கழிப்பறைகளை ஒட்டி, டீட்டாவின் சொரிப்பான் கடை; சுட்ட இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து விற்பாள். நீல்டா சட்டென்று அதன் பின்புறம் திருப்பி நிறுத்தினாள். கியரை விடுவித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே மிதி. வண்டி நின்ற இடத்திலேயே அலறியது. சாட்சி ஏழாயிரத்தில் போய் உட்கார்ந்தது.

கண்ணைத் திறந்தபோது, டீட்டாவின் ரொட்டித் தட்டு ஒரு தகரத்தால் மூடப்பட்டிருந்தது. புழுதிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் எல்வியோ தலையை உள்ளே நுழைத்தான். "ஏழாயிரம். என் தங்கமே." பிறகு முகம் சுருங்கியது. "ஏழாயிரத்துல மாத்தியும் கடைசியா வந்திருக்கே. அப்ப உன் மேல தப்பில்ல."

நீல்டாவுக்கு மூச்சு வந்தது.

"எஞ்சின் மேலதான் தப்பு. பார்த்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க எஞ்சினைப் பிரித்துப் போட்டு, வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை மாற்றினான். அடுத்த பந்தயத்தில் வண்டி குறைந்த சுழற்சியில் இருமியது, ஏறியதும் குதிரைபோல உதைத்தது. உதைக்குப் பயந்து அவள் இன்னும் சீக்கிரம் கியர் மாற்றினாள். இருமலிலேயே சுற்றி வந்தாள். "நாற்பத்து மூன்றாம் எண், பால் ஊற்றப் போவதுபோலப் பொறுமையாக வருகிறது" என்றது ஒலிபெருக்கி.

மறுபடி கடைக்குப் பின்னால். மறுபடி ஏழாயிரம்.

"இப்பவும் ஏழாயிரமா?" எல்வியோ மாத்தே தேநீரைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "அப்ப கியர்தான் நீளம், வேகம் பிடிக்க நேரமாகுது."

இடுப்பைப் பற்றி ஒரு முனகலும் இல்லாமல், கியர் பெட்டியைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே பற்சக்கரங்களை மாற்றினான். இப்போது முள் பறந்தது. அவள் ஒரு மூச்சு இழுப்பதற்குள் ஐயாயிரம் வந்து நின்றது.

"எல்வியோ, அந்த விளக்கு எனக்குச் சரியாத் தெரியறதில்ல" என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். உண்மைக்குப் பக்கத்திலாவது போய்ப் பார்க்கலாம் என்றிருந்தாள்.

"அதைச் சொல்றதுக்கென்ன?" என்று கோழிமுட்டை அளவில் ஒரு விளக்கைக் கொண்டுவந்து நெற்றிக்கு நேராகப் பொருத்தினான்.

'பயமாயிருக்கு' என்பது ஒரே ஒரு சொல். ரொட்டி வண்டியில் தனியாகப் போகும்போது சொல்லிப் பார்ப்பாள், சுலபமாக வரும். ஆனால் பந்தய நாளில் எல்வியோ அவளுக்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். வீட்டில், சாப்பாட்டு மேசையில் அது இருந்ததில்லை. அதை எப்படி ஊதி அணைப்பது?

ஒரு பந்தய நாள் காலை, தகுதிச் சுற்றுக்கு முன் அவன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே சொன்னான்:

"இன்னிக்கும் முள் ஏழாயிரம் காட்டட்டும், மத்தியானம் ஃபைனலுக்கு வரம்பைத் திறந்துவிடறேன்."

"எந்த வரம்பை?"

"ஏழாயிரத்து இருநூறு தாண்டாம எஞ்சினைப் பிடிச்சு வெச்சிருக்கேன்ல, அதை. எட்டாயிரம் வரைக்கும் போ. முதல் வளைவுல காலை எடுக்காதே."

"வெடிச்சா?"

"வெடிச்சா வெடிக்கட்டும். நீதான் பயப்படற ஆளே இல்லையே."

தகுதிச் சுற்றில் என்ன நடந்தது என்று அவளுக்கு நினைவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. முடிந்ததும் வண்டி பழக்கப்பட்ட மாடுபோலத் தானே கடைக்குப் பின்னால் வந்து நின்றது. சாட்சி முள் ஐயாயிரத்து நூறில் இருந்தது.

மிதித்தால் எட்டாயிரம். மத்தியானம், முதல் வளைவு, அதன் ஓரத்து மண் சுவர். மிதிக்காவிட்டால் கொட்டகையில் எல்வியோவின் முகம். காலை ஆக்சிலரேட்டர் மேல் வைத்தாள், எடுத்தாள். எது அதிக பயம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை.

டீட்டா ரொட்டித் தட்டைத் தகரத்தால் மூடிவிட்டு, இடுக்கியோடு காத்திருந்தாள். முன்புறம் வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மிதிக்கறதுன்னா சட்டுனு மிதிம்மா, ஆளுங்க பசியோட நிக்கறாங்க. உன் புருஷன் இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டான்."

நீல்டா தலைக்கவசத்தைக் கழற்றினாள். "யாரு?"

"எல்வியோதான். ஓட்டின காலம் பூரா இதே இடத்துல நின்னு மிதிச்சுட்டுத்தானே கொட்டகைக்குப் போவான். முதல் தடவை வண்டிப் புகையில என் ரொட்டியெல்லாம் கரியாப் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்தத் தகரம் வாங்கினேன்." இடுக்கியால் அதைத் தட்டிக் காட்டினாள். "ம், மூடியாச்சு. மிதி."

நீல்டா சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். சாட்சி முள் ஐயாயிரத்து நூறிலேயே நின்றது.

"வேணாம் டீட்டா" என்றாள் மெதுவாக. "தகரத்தை எடுத்துடு."